சின்ன அலமாரியில் அரைத்தட்டு போட்ட கதை

"வீட்டில் இருக்கிற சின்னச் சின்ன அலமாரிகளில் இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்க என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் அழகழகாகப் பிளாஸ்டிக் கூடைகள் வாங்கிக் குவித்திருப்பீர்கள், இப்போது கூடைகளை வைக்கவே இடமில்லை. சரிதானே? போதும், இனி வாங்காதீர்கள். ஒரு டேப்பை எடுத்து அலமாரியின் உள்பக்கத்தை அளந்து பாருங்கள்.

"பொருளைக் குறைத்தாலே போதுமே" என்று சொல்ல ஒரு கூட்டம் வரும். குறைக்கலாம், யார் வேண்டாம் என்றது? குறைத்த பிறகு மிஞ்சுவதையும் எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும்!

எங்கள் சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரி 60 செ.மீ. ஆழம். ஹேங்கரில் சட்டை மாட்டும் அலமாரிக்கு அந்த ஆழம் வேண்டும். டப்பாக்களுக்கு எதற்கு? முன்வரிசைக்குப் பின்னால் போனது போனதுதான். போதாக்குறைக்கு, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 45 செ.மீ. இடைவெளி. சாண் உயர டப்பாவை வைத்தால் அதற்கு மேலே பாதி வெறும் காற்று.

நான் போட்டது அரைத்தட்டு. அதாவது, பின் பாதியில் மட்டும் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பலகை. முன்னால் குட்டை டப்பாக்கள் நிற்கும். அவற்றின் தலைக்கு மேலே பின்வரிசை பளிச்சென்று தெரியும். அரைத்தட்டுக்கு அடியில் எப்போதாவது எடுக்கிற பெரிய பாத்திரங்கள். அவற்றை எடுக்க முன்வரிசையை நகர்த்தத்தான் வேண்டும், மறுக்கவில்லை. எப்போதாவதுதானே.

பலகையை ஆணி அடித்து நிறுத்த நான் விடவில்லை. பக்கவாட்டில் 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக 5 மி.மீ. துளை போட்டு, அதில் சின்ன முளைகளைச் செருகி அவற்றின் மேல் பலகையை வைக்கச் சொன்னேன். டப்பா மாறினால் தட்டும் ஏறி இறங்கும். கடைகளில் விற்கும் ரெடிமேட் அலமாரிகளில் பலவும் இதே கணக்குதான். இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்திருந்த தச்சர், "சார் இருந்தா கூப்பிடுங்க மேடம், அளவு பேசணும்" என்றார். டேப் என் கையில் இருக்கிறது, அளவு எழுதிய தாளும் என் கையில்! சார் வந்து என்ன சொன்னார்? "அவங்களையே கேளுங்க" என்றார். அதற்குப் பிறகும் அந்த மனிதர் பதிலை அவரைப் பார்த்துத்தான் சொன்னார். தச்சர் என்றில்லை, குழாய் ரிப்பேர், மின்சார வேலை என்று யார் வந்தாலும் இதே கதைதான். எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். ஆனால் இந்த வீட்டில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாடகை வீடு, துளை போட முடியாது என்றால், கால் வைத்த சின்ன ஸ்டாண்டை உள்ளே நிறுத்தினாலும் அரைத்தட்டுதான். இழுக்கும் தட்டு போடுவதானால் கதவைத் திறந்து வைத்து, கீல் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதையும் கழித்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு கதவில் இடிக்கும். கதவின் உள்பக்கம் கம்பி ரேக் மாட்டினால் லேசான சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாரம் ஏறினால் கீல் தொங்கிவிடும்.

சிங்க்குக்குக் கீழே மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. குழாய்க்கு அடியில் விளிம்பு வைத்த ஒரு டிரே போட்டு, அதில் பொருட்களை வையுங்கள்; கசிந்தால் உடனே தெரியும். பிளீச்சையும் ஆசிட் கலந்த கழிவறை கிளீனரையும் இடம் மிச்சம் என்று ஒரே டிரேயில் நெருக்கி வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு வரும். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இரண்டுமே அங்கே வேண்டாம், உயரத்தில் பூட்டிய அலமாரிக்குப் போகட்டும்.