பழைய சீட்டைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்கலாமா?

கேள்வி: என் வயது 36. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வலது கண் மட்டும் மங்குகிறது. விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது, வலி அதிகமில்லை. சென்ற முறை அழுத்தம் 52 இருந்தது. பாஸ்னர்-ஷ்லாஸ்மன் நோய் என்றார்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிக்கொள்ளலாமா? கண்ணாடிக் கடைக்காரர் லேசர் செய்தால் தீரும் என்கிறாரே?

பதில்: இரண்டும் வேண்டாம். கண் அழுத்தம் 10 முதல் 21 வரை (மி.மீ. பாதரச அளவில்) இருப்பது இயல்பு. 52 என்பது பார்வை நரம்பைக் கெடுக்கும் அளவு. கண் பெரிதாகச் சிவப்பதில்லை, வலிப்பதுமில்லை என்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்.

இந்த நோயில், கண்ணின் உள்ளே வரும் லேசான அழற்சியால், கண்ணுக்குள் சுரக்கும் நீர் (கண்ணீர் அல்ல) வடிய வழியின்றித் தேங்குகிறது. அழற்சியை அடக்க ஸ்டீராய்டு சொட்டு தருகிறோம். அதே ஸ்டீராய்டு, வாரக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். எத்தனை நாள் விடுவது, எப்படிக் குறைப்பது என்பதை ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் “கண் சிவந்திருக்கிறது” என்று சொன்னால் போதும், எடுத்து நீட்டுகிறார்கள். கண்காணிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? அப்படி வாங்கி மாதக்கணக்கில் விட்டுப் பார்வை இழந்தவர்கள் எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். போன நரம்பு திரும்பாது.

கடைக்காரர் சொல்லும் லேசர், அந்த நீர் வடியும் இடமான வடிகால் கோணம் மூடிக்கொண்டவர்களுக்கு. உங்கள் நோயில் கோணம் திறந்தே இருக்கும். கோனியோஸ்கோப்பி (லென்ஸ் வைத்து அந்தக் கோணத்தைப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் லேசருக்கு நாள் குறிப்பவரிடம் போகாதீர்கள். ஆளை அனுப்பினால் கமிஷன் பெறும் இடைத்தரகர்கள் இந்தத் துறையிலும் உண்டு.

ஆஸ்துமா இருக்கிறதா? எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். அழுத்தத்தைக் குறைக்கத் தரும் டைமோலால் சொட்டு மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். சிறுவயதில் வீசிங் வந்து நின்றுபோயிருந்தாலும், மழைக்காலத்தில் மட்டும் இன்ஹேலர் எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். “கண்ணுக்குத்தானே மருந்து” என்று மறைக்காதீர்கள்.

அடிக்கடி வருவதால், சைட்டோமெகலோ வைரஸ் காரணமா என்று கண்ணுக்குள் இருக்கும் நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் வைரஸ் மருந்து தனி. சோதனை பெரிய கண் மருத்துவமனைகளில்தான் கிடைக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்.

தாக்குதல் ஓய்ந்த பிறகு அழுத்தம் இயல்பாகிவிடும். ஆகவே மங்கும் அன்றே போய் அளந்து, அந்த அளவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கவாட்டுப் பார்வை குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வைப்புலச் சோதனையை ஆண்டுதோறும் செய்துகொள்ளுங்கள்.