கணினி கேள்வி – பதில்: காலையில் திறந்தால் பில் எண் மறுபடியும் 1

கேள்வி: பலகாரக் கடையில் எக்செல் மேக்ரோ (எக்செலுக்குள் நாமே எழுதும் சிறு நிரல்) வைத்து பில் போடுகிறோம். பட்டனை அழுத்தினால் பில் எண் ஒன்று கூடும். மறுநாள் ஃபைலைத் திறந்தால் 1-இலிருந்து ஆரம்பிக்கிறது. சில சமயம் நடுப்பகலிலேயே அப்படி ஆகிவிடுகிறது. மதிப்பு நிலைக்கட்டும் என்று மேக்ரோவில் 'ஸ்டாடிக்' என்று போட்டும் பார்த்தாயிற்று.
– வாசகர், காரைக்குடி

பதில்: 'பப்ளிக்' ஆனாலும் 'ஸ்டாடிக்' ஆனாலும் வேரியபிள் (மேக்ரோ மதிப்பை வைத்துக்கொள்ளும் இடம்) இருப்பது கணினியின் தற்காலிக நினைவகத்தில்தான். ஃபைலை மூடியதும் அது போய்விடும். நடுப்பகலில் போவதற்குக் காரணம் வேறு. மேக்ரோவில் பிழை வந்து, அந்தப் பெட்டியில் 'எண்ட்' பட்டனை அழுத்தினால் எல்லா வேரியபிளும் காலியாகிவிடும். ஆகவே எண்ணை ஃபைலுக்குள்ளேயே, ஒரு செல்லில் எழுதி வையுங்கள்.

புதிதாக ஒரு ஷீட் சேர்த்து, அதன் பி2 செல்லில் கடைசியாகப் போட்ட பில் எண்ணை எழுதுங்கள். ஆல்ட்+எஃப்11 அழுத்தி, இடப்பக்கப் பட்டியலில் அந்த ஷீட்டைத் தேர்ந்து, எஃப்4 அழுத்துங்கள். முதல் வரியில், அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'நேம்' என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயர் கொடுங்கள். மேக்ரோவில் ஷீட்டை இந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். கீழே ஷீட்டின் தாவலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாலும் பரவாயில்லை; ஆனால் மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறிவிடும், அந்தப் பெயரை வைத்து ஷீட்டைத் தேடினால் கிடைக்காது. அதே பட்டியலில் 'விசிபிள்' என்பதை 2 ஆக்கிவிட்டால், வலது கிளிக் செய்து 'அன்ஹைட்' போனாலும் அந்த ஷீட் தெரியாது. கடையில் யாரும் தவறுதலாக அழிக்க வழியில்லை.

இனி மேக்ரோவின் வரிசை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பி2-ஐப் படித்து ஒன்று கூட்டுங்கள், அந்த எண்ணோடு பில் விவரத்தைப் பதிவேட்டு ஷீட்டில் சேருங்கள், புது எண்ணை பி2-இல் எழுதுங்கள், 'திஸ்ஒர்க்புக்.சேவ்' கொடுங்கள், அதன் பிறகே பிரிண்ட். பிரிண்ட் முதலில் போய், சேவ் ஆவதற்குள் மின்சாரம் போனால், வாடிக்கையாளர் கையில் உள்ள எண்ணே அடுத்தவருக்கும் போகும். பிரிண்டர் மக்கர் செய்தால் கவலை இல்லை, பதிவேட்டிலிருந்து அதே பில்லை மறுபடி எடுக்கலாம். 'ஆக்டிவ்ஒர்க்புக்.சேவ்' வேண்டாம், அந்த நேரம் வேறு ஃபைல் முன்னால் இருந்தால் அதுதான் சேவ் ஆகும். எண்ணுக்கு 'இன்டிஜர்' வகையும் வேண்டாம், 32,767-ஐத் தாண்டினால் பிழை வரும், 'லாங்' போடுங்கள்.

இரண்டு கணினியில் ஒரே ஃபைலைத் திறந்தால் இரண்டாவது 'ரீட் ஒன்லி' (படிக்க மட்டும்) ஆகிவிடும். அங்கே எண் கூடும், சேவ் ஆகாது. ஃபைல் திறக்கும்போதே 'திஸ்ஒர்க்புக்.ரீட்ஒன்லி' பார்த்து, ஆம் என்றால் பில் போடவிடாமல் நிறுத்துங்கள். கவுண்டர் இரண்டு என்றால் ஃபைலும் பில் எண் வரிசையும் தனித்தனியாக இருக்கட்டும், ஜி.எஸ்.டி. விதி ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகளை அனுமதிக்கிறது. பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. பி3-இல் நிதியாண்டை வைத்து, ஏப்ரல் 1 வந்ததும் பி2-ஐ 0 ஆக்கும்படி எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடி கல் பட்டறைக் கணக்கு ஃபைலை அலுவலகத்திலும் பட்டறையிலும் மாற்றி மாற்றித் திறக்கிறோம். இரண்டு இடத்திலும் பிரிண்டர் வேறு. ஒவ்வொரு முறையும் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க வழி உண்டா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: இதற்கு மேக்ரோவில் 'சேவ்செட்டிங்' என்ற கட்டளை. நான்கு விவரம் கேட்கும்: நீங்கள் வைக்கும் செயலிப் பெயர், பிரிவு, சாவிப் பெயர், மதிப்பு. திரும்ப எடுக்க 'கெட்செட்டிங்'. அதில் நான்காவதாக ஒரு மாற்று மதிப்பு கொடுத்துவிடுங்கள், முதல் முறை ஓடும்போது அதுதான் கிடைக்கும். இது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) அந்தக் கணினியில், அந்த லாகினுக்கு மட்டும் பதிவாகும். ஃபைலோடு பென் டிரைவில் பயணம் செய்யாது. பிரிண்டர் பெயருக்கு இது பொருத்தம். சதுர அடி விலையை இங்கே வைக்காதீர்கள்; அலுவலகத்தில் மாற்றிய விலை பட்டறைக்குத் தெரியாது.

'கெட்செட்டிங்' தருவது எப்போதும் எழுத்து வடிவம். 95-உம் 5-உம் எடுத்துக் கூட்டல் குறி போட்டால் 955 வரும். 'சிலாங்' அல்லது 'சிடபிள்' கொண்டு எண்ணாக்கிய பிறகே கூட்டுங்கள். தமிழ் எழுத்தும் இங்கே கேள்விக்குறியாகிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு செல்தான் பத்திரம்.

கேள்வி: தனி ஷீட் இல்லாமல் ஃபைலுக்குள் மதிப்பை வைக்க முடியாதா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முடியும். மேக்ரோவில் 'நேம்ஸ்.ஆட்' கொடுத்து ஒரு பெயருக்கு சமக்குறியோடு மதிப்பை எழுதி, 'விசிபிள்' இல்லை என்று வையுங்கள். எக்செலின் பெயர்ப் பட்டியலான நேம் மேனேஜரில் அது தெரியாது. படிக்க 'எவால்யுவேட்'. எழுத்தாக வைத்தால் 255 எழுத்துக்குள் இருக்க வேண்டும். இதற்கும் ஃபைல் சேவ் ஆனால்தான் பலன். ஓரிரு மதிப்புக்கு மேல் போனால் ஷீட்டே நல்லது. எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.