கோஷம் போடுவதைத் தவிர ஒரு மாணவரால் என்ன செய்ய முடியும்? நாஷ்வில், 1960

கேள்வி: "இனவெறிக்கு எதிராக இருபது வயசுக்காரர் ஒருவர் உருப்படியாக என்ன செய்துவிட முடியும்?"

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் மாணவர்கள் 1960-இல் செய்ததைப் பாருங்கள். அவர்களுடைய துணிச்சலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட அவர்களுடைய முன்னேற்பாடு பெரிதாகத் தெரிகிறது.

அந்த ஊர்க் கடைகளில் அன்று கறுப்பினத்தவர் சோப்பு, நோட்டு, துணி என்று எதையும் காசு கொடுத்து வாங்கலாம். அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது என்ற நிலை. பிள்ளைகளோடு கடைத்தெருவுக்குப் போகும் பெண்களுக்கு இதுதான் பெரிய குறையாக இருந்தது. மாணவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சினிமா கொட்டகை, வேலைவாய்ப்பெல்லாம் பிறகு.

பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். 1950-களில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தபடி காந்திய முறையைப் படித்துவிட்டுத் திரும்பியவர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதையே கவுண்டராக வைத்துக்கொள்வார்கள். சிலர் உட்காருவார்கள், மற்றவர்கள் ரவுடிகளாக நடிப்பார்கள். காது கூசும் வசவு, முடியைப் பிடித்து இழுப்பது, முகத்தில் சிகரெட் புகை ஊதுவது, நாற்காலியோடு தள்ளிவிடுவது எல்லாம் உண்டு. விழுந்தால் உடம்பைச் சுருட்டி, கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு அடி பலமாக விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் குறுக்கே விழுந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒத்திகையிலேயே கை ஓங்கிவிடுகிறவரைக் கவுண்டருக்கு அனுப்பினால் ஒரே நிமிடத்தில் அது தெருச்சண்டையாகிவிடும், செய்தியும் "மாணவர் கலவரம்" என்றுதான் வரும். அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. தட்டச்சு, கார் ஓட்டுவது, தள்ளி நின்று நடப்பதைக் கவனிப்பது என்று வேலைக்கா பஞ்சம்?

1959 கடைசியில் இரண்டு கடைகளில் வெள்ளோட்டம். மாணவர்கள் சாப்பாடு கேட்டார்கள், கடைக்காரர்கள் மறுத்தார்கள், மேலாளரிடம் காரணம் கேட்டுவிட்டு மாணவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். 1960 பிப்ரவரி 13-இல் 124 பேர் நல்ல உடை உடுத்தி, முதலில் சின்னச் சின்னச் சாமான் வாங்கிக்கொண்டு, பிறகு கவுண்டரில் உட்கார்ந்தார்கள். கையில் ரசீது இருக்கும்போது "நீ எங்கள் வாடிக்கையாளர் இல்லை" என்று கடைக்காரர் சொல்ல முடியாதே. ஜான் லூயிஸும் பெர்னார்ட் லஃபாயெட்டும் தயாரித்த விதித்தாளில் இருந்தவை சின்ன விஷயங்கள்தான்: திருப்பி அடிக்காதே, உரக்கச் சிரிக்காதே, வாசலை மறிக்காதே, நிமிர்ந்து கவுண்டரைப் பார்த்து உட்கார், தலைவர் சொல்லாமல் எழுந்திருக்காதே.

பிப்ரவரி 27-இல் வெள்ளையர் கும்பலிடம் அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த சுமார் 80 பேரைப் போலீஸ் கைது செய்தது. ஒரு வரிசையைக் கூட்டிப்போனதும் அடுத்த அணி வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. இதைத் திட்டமிடாத போராட்டம் முதல் வேனோடு முடிந்துபோகும். நீதிமன்றம் 50 டாலர் அபராதம் போட்டது. கட்ட மாட்டோம், சிறைக்கே போகிறோம் என்றார்கள். கட்டியிருந்தால் போராட்டக் காசு கரைந்திருக்கும், நகராட்சிக்கும் தலைவலி இல்லை.

அடுத்த அடி கல்லாப்பெட்டியில். நமக்குத் தீபாவளி ஜவுளி மாதிரி அங்கே ஈஸ்டர் துணி. அந்த வியாபாரத்தைக் கறுப்பினக் குடும்பங்கள் புறக்கணித்தன. கலாட்டாவுக்குப் பயந்து வெள்ளையர் கூட்டமும் குறைந்தது. ஏப்ரல் 19 விடிகாலை, மாணவர்களின் வழக்கறிஞர் லூபி வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே சில ஆயிரம் பேர் வாய் திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே டயான் நாஷ் என்ற மாணவி மேயர் பென் வெஸ்ட்டிடம், இனத்தை வைத்து ஒருவருக்குச் சாப்பாடு மறுப்பது சரி என்று நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். வழவழவென்று பேச இடம் வைக்காத கேள்வி. சரியில்லை என்று மேயர் ஒத்துக்கொண்டார்.

கடைகளோடு உடன்பாடு வந்தபோதும் மாணவர்கள் கூட்டமாகப் பாயவில்லை. மே 10 பிற்பகல், முன்பே பேசிவைத்தபடி, இரண்டு மூன்று பேராக ஆறு கடைகளுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவர்களுக்கும் கடைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள்.