பூஸ்டர் பாக்ஸா, தனிக் கார்டா? போக்கிமோன் டெக் கட்டுவோருக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போக்கிமோன் கார்டு பற்றியவை. சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிள்ளைகள் கையில் இப்போது அதுதான் போலிருக்கிறது. நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகன் படிவம் இரண்டு படிக்கிறான். ஈப்போவில் ஒரு கார்டு கடையில் போட்டி நடக்கிறதாம். தீபாவளி அங்பாவ் பணத்தில் 600 வெள்ளிக்கு ஒரு பூஸ்டர் பாக்ஸ் வாங்கினால் நல்ல டெக் கட்டிவிடலாம் என்கிறான். நானும் அவன் அப்பாவும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். வாங்கித் தரலாமா? – ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா. பாக்ஸ் பிரிப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போட்டிக்கு டெக், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டு, சேர்க்க அது வழியில்லை. ஆங்கிலப் பதிப்பு பாக்ஸில் 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 10 கார்டு. தம்பிக்கு வேண்டியது மொத்தமே 60 கார்டுதான். அதுவும் குறிப்பிட்ட 60. முக்கியமான கார்டுகள் நான்கு நான்காக வேண்டும். பாக்ஸுக்குள் எது இருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது.

ஏன் நான்கு? அடிப்படை எனர்ஜி (போக்கிமோன் தாக்குவதற்கு வேண்டிய சக்திக் கார்டு) தவிர ஒரே பெயருள்ள கார்டை டெக்கில் 4-க்கு மேல் வைக்கக் கூடாது. ஆட்டத் தொடக்கத்தில் 7 கார்டு எடுப்பார்கள். ஒரு கார்டை ஒன்றே ஒன்று வைத்திருந்தால் அது அந்த ஏழில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 12 விழுக்காடு. நான்கு வைத்திருந்தால் 40. போட்டிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் காசைச் செலவழிக்கிறார்கள்.

அல்ட்ரா பால் என்று ஒரு கார்டு இருக்கிறது. கையிலிருந்து இரண்டு கார்டைக் கழித்துவிட்டு, டெக்கில் தேடி வேண்டிய போக்கிமோனை எடுத்துக்கொள்ளலாம். மின்னாது, பெரிய படமும் கிடையாது. பள்ளியில் கார்டு மாற்றிக்கொள்ளும்போது யாரும் சீந்த மாட்டார்கள். ஆனால் ஜெயிக்கிற டெக்கை விரித்துப் பாருங்கள்: தேடுவதற்கும் கார்டு இழுப்பதற்கும் உதவும் இந்த மாதிரி டிரெய்னர் கார்டுகளே பெரும்பாலும் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் செலவு குறைவு. இன்னொன்று, ஒரே கார்டு சாதாரண அச்சிலும் வரும், தங்கக் கரை போட்ட அரிய அச்சிலும் வரும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். சாதாரண அச்சையே வாங்குங்கள்.

வாங்கும் முன் கார்டின் கீழ் இடது மூலையைப் பாருங்கள். சின்னக் கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஸ்டாண்டர்ட் முறைப் போட்டிகளில் எந்த எழுத்துகள் செல்லும் என்று அறிவிப்பு வரும். பழைய எழுத்துகள் காலப்போக்கில் கழிந்துவிடும். இன்னும் சில மாதத்தில் கழியப்போகும் கார்டை ஒருவர் மலிவாகத் தள்ளிவிடுகிறார் என்றால் காரணம் அதுதான். அதே கார்டு புதிய எழுத்தோடு மறுபடி அச்சாகியிருந்தால் பழைய அச்சையும் ஆடலாம், அங்கே மலிவு உண்மையிலேயே லாபம். எந்த மொழிக் கார்டை ஏற்பார்கள் என்பதையும் கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மலிவு என்று ஜப்பானியக் கார்டை வாங்கிவிட்டு அப்புறம் விழிக்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? போக்கிமோன் டிசிஜி லைவ் என்ற செயலி இலவசம். தம்பி மனத்தில் வைத்திருக்கும் டெக்கை முதலில் அதில் ஆடிப் பார்க்கட்டும். போக்கிமோன் டிசிஜி பாக்கெட் என்று இன்னொரு செயலி இருக்கிறது, அதை நம்பிப் போட்டிக்குக் கிளம்பக் கூடாது. அதில் டெக்கே 20 கார்டுதான், ஒரே கார்டு இரண்டுக்கு மேல் கிடையாது, ஆட்டமே வேறு. லைவில் ஆடி டெக் பிடித்துப்போனால், லீக் பேட்டில் டெக் என்று 60 கார்டோடு தயாராக விற்பதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வாங்கி, குறைகிறதை மட்டும் தனிக் கார்டாகச் சேர்க்கலாம். மிச்சக் காசு பையனிடமே இருக்கட்டும்.

கேள்வி: என் தம்பியிடம் பலமான கார்டுகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் டெக்கில் வைத்திருக்கிறான். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறான். இன்னும் விலை உயர்ந்த கார்டு வாங்க வேண்டுமா? – ஓர் அக்கா, சுங்கை சிப்புட்

பதில்: வாங்க வேண்டியதில்லை, எடுக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இருபது கறி வைத்துவிட்டுச் சோறு குறைந்துபோன கதைதான் இது. சாரிசார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது சும்மா வந்து நிற்காது. முதலில் சார்மாண்டர் வேண்டும், பிறகு சார்மிலியன், இல்லையென்றால் நடுப்படியைத் தாண்ட ரேர் கேண்டி. இந்த மாதிரி ஐந்து குடும்பங்களை ஒவ்வொன்றாக வைத்தால் எதுவும் நேரத்துக்கு முழுதாகச் சேராது. போதாததற்கு ஆட்டத் தொடக்கத்தில் 6 கார்டு பரிசுக் கார்டுகளாகக் கவிழ்த்து வைக்கப்படும்; எதிராளியின் போக்கிமோனை வீழ்த்தும்போதுதான் அவை கைக்கு வரும். ஒன்றே ஒன்று வைத்திருக்கும் கார்டு அதில் மாட்டிக்கொள்ள 10 விழுக்காடு வாய்ப்பு.

பேசிக் போக்கிமோன் (சார்மாண்டர் மாதிரி நேராகக் களத்தில் இறக்கக்கூடியவை) எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஏழில் ஒன்றுகூட வராவிட்டால் கலைத்துப்போட்டு மறுபடி எடுக்க வேண்டும், எதிராளி அதற்காக ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் 8 பேசிக் இருந்தால் ஏறத்தாழ மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும். 12 இருந்தால் ஐந்துக்கு ஒருமுறை. அடிக்கிற போக்கிமோன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாம் அதைச் சீக்கிரம் களத்துக்குக் கொண்டுவருவதற்காக என்று வைத்துக்கொண்டால் எதை எடுக்க வேண்டும் என்பது தம்பிக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு இடம் மிஞ்சினால், ஈப்போ கடையில் மற்றவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்து ஒன்றிரண்டு கார்டு மாற்றலாம். இணையத்தில் யாரோ வென்ற டெக் இங்கேயும் அப்படியே எடுபடும் என்பதற்கு நிச்சயமில்லை.

கேள்வி: முகநூலில் ஒருவரிடம் 280 வெள்ளிக்குக் கார்டு வாங்கினேன். வந்தது போலி என்று கடையில் சொல்கிறார்கள். விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். – ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: முதலில் போலிதானா என்று உறுதி செய்யுங்கள், தம்பி. அசல் கார்டின் நடுவில் கருமையான மெல்லிய அடுக்கு இருக்கும். கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்து, சந்தேகமில்லாத ஒரு கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலியில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவும். எழுத்தின் தடிமன், பின்பக்க நீலம் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அவர் வியாபாரமாக விற்பவர் என்றால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம்; சொன்னபடி பொருள் இருக்க வேண்டும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். தன் பழைய கார்டைத் தள்ளிவிட்ட தனி ஆள் என்றால் அந்த மன்றம் கைகொடுக்காது. அதனால் அவர் தொடர்ந்து விற்று வந்ததற்கான பதிவுகளை இப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் செய்திருப்பதால் நண்பர் கணக்கிலிருந்து பாருங்கள். உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, தபால் உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். போலீஸ் புகாரும் கொடுங்கள். மற்றவர்களுக்கு: பணம் போனதும் ஆள் மறைந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள்.

கேள்வி: மின்னும் கார்டுகள் வளைந்து போகின்றன. போட்டியில் பிரச்சினை வருமா? – மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: வரும். வளைவை வைத்துக் கவிழ்த்த கார்டை அடையாளம் காண முடிந்தால் நடுவர் அதைக் குறியிட்ட கார்டாகக் கருதலாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, மூடி இறுகும் டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். 60 கார்டுக்கும் ஒரே நிறத்தில், ஒரே பாக்கெட்டிலிருந்து புது உறை போடுங்கள். சாதாரண அச்சு கிடைத்தால் மின்னுவதைக் கொடுத்துவிட்டு அதை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.