வானொலிப் பெட்டியை எளிமையாக்குவது என்றால் என்ன?

“வானொலி போன்ற வீட்டு மின்னணுச் சாதனங்களை முதியவர்களும் தடுமாறாமல் கையாளும்படி எளிமையாக வடிவமைக்க முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் முடியும். ஆனால் பொத்தான்களைக் குறைத்தாலே எளிமை வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல கருவிகளைக் கடினமாக்கியதே அந்தக் குறைப்புதான் என்பதை என் வீட்டில் கண்டேன்.

லால்குடிக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் அப்பா பல ஆண்டுகளாகத் திருச்சி வானொலி கேட்பவர். கண்ணழுத்த நோயால் பார்வை மங்கிய பிறகும் பழைய பெட்டியை இயக்க அவருக்கு எவர் துணையும் தேவைப்படவில்லை. இடப்பக்கக் குமிழைத் திருகினால் ‘டக்’கென்று பெட்டி உயிர்பெறும், மேலும் திருகினால் ஒலி கூடும். வலப்பக்கக் குமிழ் நிலையம் பிடிப்பதற்கு மட்டுமே. மின்சாரம் போய் வந்தாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதால், நேற்றுக் கேட்ட நிலையம் இன்றும் அங்கேயே இருக்கும்.

அது பழுதாகி உதிரிபாகமும் கிடைக்காமல் போகவே, எண்திரை கொண்ட புதிய பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதில் ஐந்தே பொத்தான்கள்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வேலைகள். தொட்டு விட்டால் ஒன்று நடக்கும், அழுத்திப் பிடித்தால் வேறொன்று நடக்கும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் திரை மட்டுமே சொல்லும். அப்பாவால் திரையைப் படிக்க முடியாது.

இரண்டாம் நாள், “இந்தப் பெட்டியில் திருச்சியே இல்லையப்பா” என்றார். நானும் தேடினேன், இரைச்சல்தான் வந்தது. இரவில் சென்னை தெளிவாகக் கேட்டதால் பெட்டியில் பழுது இல்லை என்று மட்டும் புரிந்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. மத்திய அலையில் நிலையங்கள் நம் நாட்டில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் அமைந்திருக்கின்றன. எங்கள் பெட்டி 10 என்ற அமைப்பில், அதாவது பத்துப் பத்தாகத் தாவும்படி வந்திருந்தது. ஆகவே 936இல் ஒலிக்கும் திருச்சியை நெருங்கும்போது அது 930இலோ 940இலோதான் நின்றது. சென்னையின் 720 இரண்டு எண்களாலும் வகுபடுவதால் அது மட்டும் தப்பியது. பெட்டியை அணைத்துவிட்டு ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இது மாறும் என்ற செய்தி, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி ஆங்கில எழுத்தில் இருந்தது. முதன்முறை இயக்கும்போதே பெட்டி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அப்பாவைப் போன்றவர் அதைத் தாமாகக் கண்டறிய வழியே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தயாரிப்பாளர்கள் பொத்தானை நாடுவதற்கும் காரணம் உண்டு. குமிழைவிடப் பொத்தான் மலிவு. குமிழின் உள்ளே தூசி படிந்தால் ஒலி கரகரக்கும். ஆனால் புதிய நுட்பம் குமிழை விலக்கியே ஆக வேண்டும் என்பது சரியன்று. சிலிக்கான் லேப்ஸ் நிறுவனம் உருவாக்கிய எஸ்ஐ4844 போன்ற மின்னணுச் சில்லுகள், பயனர் திருகும் சக்கரத்தின் நிலையை மின்னழுத்தமாக வாங்கிக்கொண்டு, நிலையம் பிடிக்கும் வேலையை எண்முறையில் உள்ளேயே செய்துவிடுகின்றன. அதாவது, உள்ளே இன்றைய நுட்பமும் வெளியே பழைய குமிழும் ஒரே பெட்டியில் இருக்கலாம்.

ஆகவே ஒரு குமிழுக்கு ஒரு வேலை, கருவியின் நிலையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே அறியும் வசதி, மின்தடைக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடர்தல் ஆகிய மூன்றையும்தான் நான் எளிமை என்பேன். தொலைபேசியின் 5ஆம் எண்ணில் உள்ள சிறு மேடு போன்ற ஒன்றே பார்வை குறைந்தவருக்குப் பெரும் துணை. அப்பாவின் பெட்டியில் திருச்சிக்கான பொத்தானின் மேல் ஒரு துளி பசையை உலரவிட்டு அந்த மேட்டை நானே உண்டாக்கினேன்.

நீங்கள் பெரியவர்களுக்காகப் பெட்டி வாங்குவதாக இருந்தால், கடையிலேயே ஒரு நிலையத்தைப் பிடித்துவிட்டு, மின்கலங்களையும் மின்வடத்தையும் கழற்றி மீண்டும் மாட்டிப் பாருங்கள். அதே நிலையம், அதே ஒலியளவில் திரும்பி வந்தால் மட்டும் வாங்குங்கள்.