பழைய பிக்கப் டிரக்கில் பெட்ரோல் டேங்கை இடம் மாற்றலாமா?

1970-ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப்பில் இருக்கைக்குப் பின்னால் உள்ள டேங்கை வண்டியின் பின்பகுதிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். 1972 வரை வந்த அந்த மாடல்களில் டேங்க் கேபினுக்குள்ளேயே இருந்ததால், ரப்பர் குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும் பெட்ரோல் வாடை உள்ளே வீசும். 1973-இல் நிறுவனம் அதைச் சேஸிஸ் சட்டத்தின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுசென்றது. பக்கவாட்டு மோதலில் எளிதில் அடிபடும் என்பதால் அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின் ஆக்சிலுக்குப் பின்னால், சேஸிஸின் இரு நீளச் சட்டங்களுக்கு இடையே பொருத்துவதே நல்லது. ஸ்டெப்னிக்கு மட்டும் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

டேங்கைத் தாங்கும் பட்டைகளை அமைப்பது பெரிய வேலையன்று. பெட்ரோல் ஊற்றும் குழாய்தான் தொல்லை தரும்: அது எங்கும் தொய்யாமல் டேங்கை நோக்கிச் சரிந்து செல்லாவிட்டாலோ, காற்று வெளியேறும் குழாய் மடங்கியிருந்தாலோ, நிரப்பும்போது நாசில் மீண்டும் மீண்டும் தானாக நின்றுவிடும். புதிய டேங்கில் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவை சென்சாரின் மின்தடை, உங்கள் பெட்ரோல் மீட்டர் எதிர்பார்க்கும் 0 முதல் 90 ஓம் வரையிலான அளவில் இருக்க வேண்டும். காலியாகும்போது மின்தடை கூடும் வகையைப் பொருத்தினால் முள் தலைகீழாகக் காட்டும். எரிபொருள் குழாயைச் சைலன்சர் குழாயிலிருந்து விலக்கியே கொண்டுசெல்லுங்கள். கழற்றிய பழைய டேங்க் காலியாகத் தோன்றினாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும் என்பதால், அதை ஒருபோதும் வெட்டவோ வெல்டிங் செய்யவோ முயல வேண்டாம்.