புத்ராஜெயா அஞ்சலட்டைகள்: அக்காள் மகன் அனுப்பிய வக்கீல் கடிதம்

கேள்வி: மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் முக்கியக் கட்டடங்களை வைத்து 12 அஞ்சலட்டைகள் கொண்ட செட் ஒன்றை 2,000 பிரதிகள் அச்சடித்தேன். ஏழு படங்கள் நான் எடுத்தவை, ஐந்து என் அக்காள் மகன் எடுத்தவை. ஒரு செட் 15 வெள்ளி (ரிங்கிட்) என்று 700 செட் விற்றுவிட்டது. இப்போது 14 நாளில் 30,000 வெள்ளி கொடு என்று அவன் வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறான். சின்ன வயதில் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவன் நான். மக்கள் வரிப்பணத்தில் எழுந்த கட்டடங்களுக்கு இவன் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் குடும்பக் கதை. உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீதிமன்றம் அதில் ஒரு வரியைக்கூடக் கேட்காது.

கட்டடங்களைப் பற்றிய வாதத்தையும் விட்டுவிடுங்கள். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கட்டடத்தைப் படமெடுத்து விற்க 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவே இடம் தருகிறது. பிரதமர் அலுவலகம் இருக்கும் பெர்டானா புத்ரா, புத்ரா பள்ளிவாசலின் இளஞ்சிவப்புக் கும்மட்டம், நீதி மாளிகை எல்லாம் அதில் அடக்கம். அக்காள் மகனும் கட்டடத்தைக் கேட்கவில்லை, தான் எடுத்த படத்தைத்தான் கேட்கிறார்.

ஆக, ஒரே கேள்விதான். நீங்கள் சொல்லி அவர் எடுத்தாரா, அல்லது எடுத்து வைத்திருந்ததை நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா?

நீங்கள் முன்கூட்டியே கேட்டு அவர் எடுத்துக் கொடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 26ஆவது பிரிவின்படி பதிப்புரிமை உங்களுக்கு மாறியதாகவே கருதப்படும். ஆனால் நான்கு படங்கள் ‘இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே அவன் கம்ப்யூட்டரில் கிடந்தவை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த நான்கும் அவருடையவை. ‘எடுத்துக்கோ மாமா’ என்று அவர் வாயால் சொன்னதை நம்பி நிற்க முடியாது. உரிமையை மாற்றித் தருவதும் பயன்படுத்த அனுமதிப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 27ஆவது பிரிவு. வாய்மொழிச் சம்மதத்தை வைத்து வாதாடிப் பார்க்கலாம்தான். அதை மட்டும் நம்பி ஒரு கட்சிக்காரரை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வராது.

ஐந்தாவது, ஸ்ரீ வவாசான் பாலத்தின் இரவுப் படம், வேறு கதை. நீங்களே காரில் கூட்டிப்போய், 200 வெள்ளி கொடுத்து, இந்தக் கரையிலிருந்து எடு என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘மாமா, நீங்க கேட்ட பாலம் படம்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் உங்களிடம் இருக்கிறது. அது உங்களுக்கு நல்ல ஆதாரம், பத்திரமாக வையுங்கள்.

நான் பயப்படுவது இனிமேல் நீங்கள் செய்யப்போவதை நினைத்துத்தான். வக்கீல் கடிதம் வந்ததும் ‘மிச்சத்தையும் சட்டென்று விற்றுத் தீர்த்துவிடுவோம்’ என்று கடைகளுக்குத் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் படுகுழி. இந்தச் சட்டத்தில் சிவில் வழக்கு மட்டுமில்லை, 41ஆவது பிரிவின்படி இது குற்றமும்கூட. அபராதம் பிரதிக்குப் பிரதி. முதல் குற்றத்துக்கே ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் 20,000 வெள்ளி வரை, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்தே கார்டுகளைக் குற்றச்சாட்டில் சேர்த்தாலும் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். ஒரே படைப்பின் மூன்று பிரதிகள் கையில் இருந்தாலே அவை சொந்த உபயோகத்துக்கு இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டிலோ 1,300 செட்.

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்தேன், அடுத்தவர் உரிமையை மீறுகிறேன் என்று சந்தேகிக்கக் காரணமே இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த நாளுக்கு முந்தைய விற்பனைக்கு அதைச் சொல்லிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு விற்கிற ஒவ்வொரு கார்டுக்கும் அந்த வாய்ப்பு போய்விட்டது.

அதனால் இன்றே அந்த நான்கு கார்டுகளை எல்லா செட்டிலிருந்தும் எடுத்து, எண்ணி, பெட்டியில் போட்டு ஒட்டி வையுங்கள். எரித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். ‘வித்ததும் உனக்குக் காசு தர்றேன்’ என்று நீங்கள் அனுப்பியது உங்களுக்குப் பாதகம்தான், ஆனால் அதன் நகல் அவர் போனில் இருக்கும். நீங்கள் அழித்தது தெரிந்தால் உங்கள் சொல்லை நீதிபதி எதிலும் நம்பமாட்டார். அப்புறம், கோபத்தில் அவருக்கோ அக்காவுக்கோ ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம். இப்படி வந்த எத்தனையோ வழக்குகளில் எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சி என் கட்சிக்காரர் இரவு பதினோரு மணிக்கு அனுப்பிய செய்திதான்.

30,000 அதிகம் என்கிறீர்கள். உங்கள் மொத்த வசூலே 10,500 என்பதால் அது அதிகம்தான். ஆனால் நஷ்டத்தை நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை நீதிமன்றம் கொடுக்கலாம். உங்களிடம் நான்கு படைப்புகள். முழுத்தொகை கிடைக்காமல் போகலாம், இருந்தாலும் அந்த உச்சவரம்பைக் காட்டித்தான் அவர் வக்கீல் பேசுவார்.

சமாதானமாகப் போங்கள். 14 நாள் முடியும் முன்பே ஒரு வக்கீல் மூலம், ‘உரிமைகளுக்குப் பாதிப்பின்றி’ (without prejudice, அதாவது சமரசப் பேச்சை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது) என்று தலைப்பிட்டு எழுதுங்கள். விற்பனைக் கணக்கைக் காட்டுங்கள், நான் என்றால் 6,000 வெள்ளியிலிருந்து பேச ஆரம்பிப்பேன். இதுவரை அச்சடித்ததற்கும் இனி அச்சடிப்பதற்கும் சேர்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கார்டின் பின்பக்கம் அவர் பெயரைப் போடச் சம்மதியுங்கள். அவர் கோபத்தில் பாதி அதனால்தான் என்று அவர் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. அவர் அமலாக்க அதிகாரிகளிடம் புகார் கொடுத்துவிட்டால் வழக்கை நடத்துவதும் விடுவதும் அரசுத் தரப்பின் கையில். அக்காள் மகன் மனம் மாறினாலும் அது தானாக நிற்காது.

இன்னொன்று, அவர் வக்கீல் இதுவரை கவனிக்காதது. அழகுக்காக மலேசியாவின் தேசியச் சின்னமான ஜாத்தா நெகாராவைப் பின்பக்கம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அரசுச் சின்னத்தை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே நீங்கள் எடுத்த ஏழு படங்களின் கார்டுகளையும் இப்போதைக்கு விற்காதீர்கள், சின்னத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடியுங்கள்.